வாக்குவம் சீலர் மெஷின் ரிவ்யூ: பீஃப் கைமா வாங்கி ஸ்டோர் பண்றவங்களுக்காக

ஆன்லைன்ல இந்த மெஷினுக்கு (பேக்ல இருக்கற காத்த உறிஞ்சி வாய ஒட்டற மெஷின்) ஒத்த ஸ்டார் குடுத்தவங்கள்ல நெறைய பேர் எழுதியிருக்கறது ஒரே விஷயம்தான், "சீல் பண்ணி வெச்ச கறி கறுத்துப் போச்சு, மெஷின் வேஸ்ட், கறியத் தூக்கிப் போட்டேன்". படிக்கும்போதே வயித்தெரிச்சலா இருக்கு. நிறத்த மட்டும் பாத்து நல்ல கறியப் போட்டிருப்பாங்க. அதனால மெஷின் எப்படின்னு சொல்றதுக்கு முன்னாடி இந்த நிறம் மேட்டர முடிச்சிடறேன்.

கறில மையோகுளோபின்னு ஒரு புரோட்டீன் இருக்கு, கறிக்கு நிறமே அதுலருந்துதான் வருது. காத்து படாம இருந்தா அது ஊதா கலந்த கருஞ்செவப்பு, ஆக்சிஜன் பட்டா பளிச்சுனு செவப்பு, அப்படியே விட்டா போகப் போக பிரவுன். கடையில வாங்கிட்டு வந்த கைமாவ நடுவுல பிச்சுப் பாத்தீங்கன்னா வெளிய செவப்பா இருக்கும், உள்ள சாம்பல் பிரவுனா இருக்கும், உள்ள போதுமான அளவுக்கு காத்து போகல அவ்வளவுதான். மெஷின் பண்றதே காத்த உறியறதுதானே, அப்போ கறி கறுக்கத்தான் செய்யும். ஃப்ரிட்ஜ்ல இருக்கற பாக்கெட்ட வெட்டி ஒரு தட்டுல பரப்பி திரும்ப ஃப்ரிட்ஜுக்குள்ளயே வெச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல மேலாக்க செவப்பு ஏற ஆரம்பிக்கும், வெட்டின எடத்துல ஊதாவா இருந்தது கண்ணு முன்னாடியே மாறும். ஃப்ரீசர்ல நாள் கணக்கா இருந்ததுக்கு இந்த அளவுக்கு மாறாது, பிரவுனாவே கூட இருக்கும், அதனால மட்டும் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் கிடையாது. தொட்டா கொழகொழன்னு ஒட்டுது, புளிச்ச வாடை வருதுன்னா அது வேற, யோசிக்கவே வேணாம், போட்டுடுங்க.

ஆனா இதுக்கு இன்னொரு பக்கம் இருக்கு, அதத்தான் நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்பறேன். செவப்பா இருக்கு, வாடை இல்ல, அதனால நல்ல கறின்னும் சொல்ல முடியாது. கறிய நாற வெக்கற பாக்டீரியா வேற, நம்மள ஆஸ்பத்திரில படுக்க வெக்கற பாக்டீரியா வேற. ஈ.கோலை, சால்மோனெல்லா இதெல்லாம் இருந்தா வாடையும் வராது நிறமும் மாறாது. கைமால இது ஏன் அதிகப் பிரச்சனைன்னா, முழுத்துண்டு கறில கிருமி மேல்பரப்புலதான் இருக்கும், அரைக்கும்போது அந்த மேல்பரப்பு பூரா உள்ள போய் கலந்துடுது, இடுக்கு இடுக்கா எல்லா எடத்துலயும் பரவிடுது. அமெரிக்காவுல 1993ல ஜாக் இன் தி பாக்ஸ் பர்கர் கடைகள்ல சரியா வேகாத பீஃப் பேட்டியால (பர்கருக்கு நடுவுல வெக்கற தட்டையான கைமா வடை) ஈ.கோலைல ஓ157:ஹெச்7ங்கற ஆபத்தான வகை பரவி 700 பேருக்கு மேல படுத்து 4 குழந்தைங்க செத்துப் போனாங்க. அதுக்கப்புறம்தான் அடுத்த வருஷம் அந்த நாட்டு விவசாயத் துறை, அரைச்ச பீஃப்ல இந்தக் கிருமி இருந்தாலே அது விக்கக் கூடாத சரக்குன்னு அறிவிச்சுது. கைமா உள்பக்கம் 71 டிகிரி செல்சியஸ் சூடு ஏறணும்னு அவங்க சொல்றதும் இதுக்குத்தான். நம்ம பட்டாணி போட்ட கைமா கொழம்புக்கு இந்த பயம் வேணாம், தளதளன்னு கொதிக்குது, தாராளமா ஏறிடும். ஆனா பச்சைக் கைமால உருண்டை புடிச்சு நேரா எண்ணெய்ல போடற கோலா, தோசைக்கல்லுல சுடற கபாப், பிள்ளைங்க கேக்கறாங்கன்னு வீட்ல பண்ற பர்கர் பேட்டி, இதெல்லாம் வெளிய நல்லா செவந்துடும், நடுவுல வெந்திருக்காது. அங்க கவனமா இருங்க.

சரி, மெஷின். நான் வாங்கினது நாலாயிரம் ரூபாக்குள்ள வர்ற சாதாரண வீட்டு மாடல். பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே டப்பா, இதே பட்டன், வேற வேற பேர்ல விக்குது, விமர்சனம் எல்லாத்துக்கும் பொருந்தும். நீளமா ஒரு பெட்டி, மூடியத் தொறந்தா ரப்பர் ஸ்பாஞ்ச் மாதிரி ஒரு பட்டை ரெண்டு பக்கமும் ஓடுது, நடுவுல ஒரு குழி, பேக்கோட வாய அந்தக் குழிக்குள்ள விட்டு மூடி ரெண்டு ஓரத்தையும் டக்குனு அமுக்கினா பூட்டிக்கும். பட்டன தட்டினா மோட்டார் காத்த உறியும், பேக் கறியோட ஒட்டிக்கும், அப்புறம் ஒரு கம்பி சூடாகி வாய ஒட்டிடும். சத்தம் மிக்ஸி அளவுக்கு இல்ல ஆனா விடிகாலைல ஓட்டினா வீட்ல தூங்கறவங்க எந்திரிச்சிடுவாங்க.

பேக் விஷயத்துல ஏமாந்துடாதீங்க. இந்த மாதிரி வெளியருந்து உறியற மெஷினுக்கு உள்பக்கம் சின்னச் சின்ன வரி ஓடற பேக்தான் வேணும், காத்து அந்த வரி வழியாத்தான் வெளிய வரும். வழுவழுன்னு இருக்கற பேக் பாதி விலைக்கு கெடைக்குதேன்னு வாங்கினா ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு காத்து உள்ளயே நின்னுடும். மெஷின் ஒரு தடவ செலவு, பேக் ரோல்தான் மாசா மாசம் செலவு, அத கணக்குல எடுத்துக்கோங்க. பச்சைக் கறி போட்ட பேக்க கழுவி திரும்ப யூஸ் பண்ற பழக்கமும் வேணாம், அந்த வரிக்குள்ள போறத எந்த சோப்பாலயும் சுத்தமா எடுக்க முடியாது.

கைமாவ அப்படியே பேக்ல போட்டு சீல் பண்ணா என்ன ஆகும்னா, ஈரத்தையும் சேத்து மெஷின் உறிஞ்சிடும். ரத்தத் தண்ணி வாய் வரைக்கும் ஏறி வந்து ஒட்டற எடத்துல நின்னுக்கும், சீல் ஒட்டின மாதிரி தெரியும், மறுநாள் பாத்தா பேக் லூசா இருக்கும். ஈரமானதுக்குன்னு மாய்ஸ்ட் மோடுன்னு ஒரு பட்டன் குடுத்திருக்காங்க, மசாலா தடவி ஊற வெச்ச கறிக்கு ஓரளவு வேலை செய்யுது, கைமாவுக்கு பத்தல. இதுக்கு நல்ல வழி ஒண்ணு இருக்கு: பேக்கோட வாய நாலு விரல் அளவுக்கு வெளிய மடிச்சுவிட்டுட்டு கைமாவ உள்ள போடுங்க, அப்போ ஒட்டற எடத்துல கொழுப்பு படாது. கால் கிலோ கால் கிலோவா போட்டு உள்ளங்கையால ஒரு விரல் கனத்துக்கு தட்டையா அமுக்கி, வாய சும்மா மடிச்ச மாதிரியே ஒரு தட்டுல ஃப்ரீசருக்குள்ள வெச்சிடுங்க. ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல மேல எறுகிடும். அப்புறம் வெளிய எடுத்து மடிப்ப நிமுத்தி சீல் பண்ணுங்க. தண்ணியும் ஏறாது, கைமா நசுங்கி களியாவும் ஆகாது. சீல் வெச்ச கோட்ட வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஓரம் விட்டு ஓரம் வரைக்கும் கண்ணாடி மாதிரி ஒரே தெளிவா ஓடணும். நடுவுல வெள்ளையா புள்ளியோ சுருக்கமோ தெரிஞ்சா அதுக்கு மேல இன்னொரு சீல் போட்டுடுங்க. தொடர்ந்து அடிச்சுக்கிட்டே இருந்தா கம்பி சூடாகி பிளாஸ்டிக்க உருக்கிடுது, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் விட்டு விட்டு பண்ணுங்க.

தட்டையா பண்றதுல இன்னொரு லாபம் இருக்கு. உருண்டையா கட்டி வெச்ச ஒரு கிலோ கைமா நடுவுல உறையறதுக்கு பல மணி நேரம் ஆகும், உருகறதுக்கும் அதே கததான், வெளிய தண்ணி விட்டு உள்ள கல்லா நிக்கும். தட்டையா இருந்தா ரெண்டுமே சீக்கிரம் முடிஞ்சிடும், ஃப்ரீசர்ல புஸ்தகம் அடுக்கற மாதிரி நிமுத்தி அடுக்கவும் செய்யலாம். தேதிய பேக் மேல ஃப்ரீசருக்குப் போறதுக்கு முன்னாடியே மார்க்கர்ல எழுதிடுங்க, பனி புடிச்சப்புறம் எதுவும் எழுத முடியாது.

இப்போ முக்கியமான எடத்துக்கு வரேன். பெட்டி மேல "5 மடங்கு நாள் ஃப்ரெஷ்"னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு. அதப் படிச்சுட்டு பச்சைக் கைமாவ சீல் பண்ணி ஃப்ரிட்ஜ் கீழ்தட்டுல ஒரு வாரம் வெக்கலாம்னு யாராவது நெனச்சா அது ஆபத்து. கைமா ஃப்ரிட்ஜ்ல ஒரு நாள், மிஞ்சிப் போனா ரெண்டு நாள், அதுவும் ஃப்ரிட்ஜ் 4 டிகிரி இல்ல அதுக்குக் கீழ இருந்தா. மெஷின் வந்ததால இந்தக் கணக்கு மாறாது, அரைக்கும்போதே கிருமி உள்ள கலந்தாச்சு, காத்த எடுத்துட்டா அது சாகப் போறதில்ல. சொல்லப்போனா காத்தே இல்லாத எடத்துலதான் வளருவேன்னு நிக்கற கிருமியும் இருக்கு, பொட்டுலிசம்ங்கற நச்சு நோய வரவெக்கற க்ளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் அந்த ரகம். அதனால சீல் பண்ண கறிய வெளிய மேடைல வெக்கறது சாதாரண கவர்ல வெக்கறத விட நல்லதுன்னு நெனச்சுக்காதீங்க.

அப்போ மெஷினால என்னதான் பிரயோஜனம்? ஃப்ரீசர்ல. அங்க அது அருமையா வேலை செய்யுது, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. மைனஸ் 18ல இருக்கற கைமா பாதுகாப்புங்கற கணக்குல எத்தன நாளானாலும் இருக்கும், ஏன்னா கிருமி வளராது, சாகாது ஆனா வளராது. ருசிங்கற கணக்குல சாதாரணமா மூணு நாலு மாசம்னு சொல்வாங்க. அதுக்கப்புறம் காத்து பட்டு கறி காஞ்சு ஓரத்துல வெளுப்பா சாம்பலா திட்டு திட்டா வரும், கொழுப்பு பழைய எண்ணெய் மாதிரி சிக்கு வாடை அடிக்கும். சாப்ட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா கொழம்புல எவ்ளோ மசாலா போட்டாலும் அந்த வாடை போகாது. காத்த எடுத்துட்டா இது ரெண்டும் தள்ளிப் போகுது. கிறிஸ்துமஸ் கட்லெட்டுக்கு முன்கூட்டியே வாங்கி வெக்கறவங்க, நோன்பு மாசத்துல சமோசாவுக்கு மொத்தமா அரைச்சு வெக்கறவங்க, இவங்களுக்கெல்லாம் போட்ட காசு வந்துடும்.

வாரா வாரம் அரைக்கிலோ வாங்கி அன்னைக்கோ மறுநாளோ சமைச்சு முடிக்கற வீட்டுக்கு இது தேவையே இல்ல. ரெண்டு மூணு வாரத்துக்கு வெக்கணும்னா கெட்டியான ஜிப் பேக் போதும். கைமாவ தட்டையா போட்டு, ஜிப்ப ஒரு மூலைல மட்டும் விட்டுட்டு மிச்சத்த மூடி, பக்கெட் தண்ணில மெதுவா எறக்குங்க, தண்ணியோட அழுத்தமே காத்த வெளிய தள்ளிடும், ஜிப் தண்ணிய தொடறதுக்கு முன்னாடி மூலைய மூடிடுங்க. மெஷின் பண்றதுல முக்கால்வாசி வேலைய இது பண்ணிடும்.

நாலாயிரம் மெஷினுக்கு போடறதுக்கு முன்னாடி முன்னூறு நானூறு ரூபாக்கு ஒரு ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டர் வாங்குங்க, இத நான் கெஞ்சியே கேட்டுக்கறேன். ஃப்ரிட்ஜுக்குள்ள இருக்கற 1லருந்து 5 வரைக்கும் போட்ட நாப் டிகிரி கிடையாது. எங்க வீட்ல மேல் தட்டுல 4 காமிச்ச அதே ஃப்ரிட்ஜ் கதவுல 9 காமிச்சுது. மே மாசம் பிள்ளைங்க நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி பாட்டிலுக்காக தொறந்தா இன்னும் ஏறும். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ்ல மேல இருக்கற ஃப்ரீசர் பெட்டி பலதுல மைனஸ் 18ஐ தொடறதே இல்ல, ஐஸ்கிரீம் கல்லு மாதிரி நிக்காம கரண்டி சுலபமா எறங்குதுன்னா உங்க ஃப்ரீசர் பத்தலன்னு புரிஞ்சுக்கலாம், அதுல மாசக்கணக்குல கறி வெக்காதீங்க, எவ்ளோ நல்லா சீல் பண்ணியிருந்தாலும். ஃப்ரிட்ஜ்ல வெக்கற ஒரு நாளுக்கும் கைமாவ எவர்சில்வர் டப்பால மூடி கீழ்தட்டுல வெய்ங்க, தண்ணி சொட்டினா கீரை மேலயும் தயிர் மேலயும் விழக்கூடாது.

கரண்ட் போச்சுன்னா தொறந்து தொறந்து பாக்காதீங்க. மூடியே இருந்தா கீழ ஃப்ரிட்ஜ் நாலு மணி நேரம் தாங்கும், நெறைஞ்ச ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நெறைஞ்சது 24 மணி நேரம், நல்லா குளுந்த ஃப்ரீசரா இருந்தா. புயல் மழைல ரெண்டு மூணு நாள் கரண்ட் இல்லாம கெடந்த சென்னைக்காரங்களுக்கு இது தெரிஞ்சிருக்கணும். கரண்ட் வந்ததும் பாக்கெட்ட தொட்டுப் பாருங்க, உள்ள ஐஸ் துகள் இன்னும் நறநறன்னு தட்டுப்பட்டா திரும்ப ஒறைய விடலாம். தண்ணியா ஓடி வெதுவெதுன்னு இருந்தா வேணாம்.

கடைலருந்து வீட்டுக்கு வர்ற வழியும் சேத்துதான் கணக்கு. இங்க பெரும்பாலான கடைல காலைல வெட்டின கறி வெளியவே தொங்கிட்டிருக்கும், அதனால காலைல சீக்கிரம் போறவங்களுக்குத்தான் நல்ல கறி. அரைக்கற மெஷின்ல முன்னாடி அரைச்சது மிச்சம் இருக்கும், நான் எப்பவும் "பாய், ஒரு கை கறியப் போட்டு ஓட்டி எடுத்துட்டு அப்புறம் என்னுத போடுங்க"ன்னு கேப்பேன். நாங்க வாங்கற கடைக்காரர் முகம் சுளிக்காம, "எடுத்துட்டேன் பாருங்க அக்கா"ன்னு தட்டக் காமிச்சுட்டுத்தான் போடுவார், அதுக்காகவே வேற கடைக்குப் போறதில்ல. கறுப்பு கவர்ல தொங்கவிட்டுக்கிட்டு காய்கறி, மளிகைன்னு சுத்தாதீங்க. பச்சைக் கறி வெளிய இருக்கலாம்னு சொல்ற நேரம் ரெண்டு மணி, ஆனா வெளிய 32 டிகிரிக்கு மேல போச்சுன்னா ஒரே மணி. சென்னைல வருஷத்துல பெரும்பாதி பகல் அந்த ஒரு மணிதான். சின்ன தெர்மோகோல் டப்பா, உள்ள ரெண்டு ஐஸ் பேக், வண்டில வெச்சுட்டா போதும்.

கழுவறது பத்தி வீட்டுக்கு வீடு சண்டை நடக்குது, தெரியும். என் கருத்து இது: அரைச்ச கைமாவ கழுவி ஸ்டோர் பண்ணாதீங்க. தண்ணி உள்ள எறங்கினா புழிஞ்சாலும் போகாது, கறி சீக்கிரம் கெடும், சிங்க் பூரா தெறிக்கும். மனசு கேக்கலன்னா எலும்பில்லாத துண்டா வாங்கி, கழுவி, நல்லா ஒத்தி எடுத்து, ஃப்ரீசர்ல அரைகுறையா எறுக விட்டு, மிக்ஸில விட்டு விட்டு ஒரு சுத்து ஒரு சுத்தா அடிங்க, அருமையா கைமா வரும், சூடாகாது. எங்க மாமியார் இப்போ இப்படித்தான் பண்றாங்க. மஞ்சளும் உப்பும் பெரட்டி வெச்சா கெடாதுன்னு சொல்றத மட்டும் நம்பாதீங்க, நாம போடற அளவுக்கு அது ருசிக்குத்தான்.

சீல் பண்ணி ஒறைய வெச்சத எப்படி எறக்கறது, அதாவது உருக வெக்கறது? முந்தின ராத்திரி ஃப்ரீசர்லருந்து கீழ ஃப்ரிட்ஜுக்கு மாத்திடுங்க, கால் கிலோ தட்டை பாக்கெட் காலைல மெதுவா வளையும். இப்படி எறங்கினது ஒண்ணு ரெண்டு நாள் தாங்கும், ப்ளான் மாறிப் போச்சுன்னா திரும்ப ஒறையவும் விடலாம், கொஞ்சம் தண்ணி விடும் அவ்வளவுதான். அவசரம்னா பாக்கெட்டோட பச்சைத் தண்ணில முக்குங்க, அரை மணிக்கு ஒருதரம் தண்ணி மாத்துங்க, சீல் நல்லா இருந்தா இந்த எடத்துல மெஷின் ஜிப் பேக்க விட எவ்ளோவோ மேல், ஒரு சொட்டு உள்ள போகாது. நம்ம ஊர் டேங்க் தண்ணி மத்தியானத்துல சுடும், அப்போ ஐஸ் கட்டி போட்டுக்கோங்க. இப்படியோ மைக்ரோவேவ்லயோ எறக்கினத உடனே சமைச்சிடணும். சுடுதண்ணி வேணவே வேணாம், மேடைல காலைலருந்து மத்தியானம் வரைக்கும் போட்டு வெக்கறதும் வேணாம்.

சமைச்ச கைமாவும் பெரிய குண்டால அப்படியே ஆற விடறது தப்பு. நடுவுல மணிக்கணக்கா வெதுவெதுன்னு நிக்கும், க்ளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ்னு ஒரு கிருமி அதுலதான் பெருகும், கல்யாண வீட்டு அண்டா சாப்பாட்டுல வயித்தால போறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். அகலமான தட்டுல பரப்பி, ஆவி அடங்கினதும் ஃப்ரிட்ஜ்ல வெய்ங்க, மூணு நாலு நாளைக்கு எடுத்துக்கலாம். சமைச்ச கைமாவ ஒறைய வெச்சு சீல் பண்ணி வெக்கறது பச்சையா வெக்கறத விட எனக்கு வசதியா இருக்கு, அவசரத்துக்கு கொதிக்க வெச்சு எறக்கி பரோட்டாவோட குடுத்துடலாம்.

மெஷின்ல எனக்குப் பிடிக்காதது ரெண்டு. அந்த ஸ்பாஞ்ச் பட்டைல கறித்தண்ணி பட்டா உடனே கழட்டி சோப்பு போட்டு கழுவி காய வெக்கணும், இத மேனுவல்ல பொடி எழுத்துல ஒரு வரில முடிச்சுட்டாங்க, தலைப்புலயே போட்டிருக்கணும். மூடிய பூட்டியே வெச்சா பட்டை நசுங்கி உறியற சக்தி கொறையுது, அதனால வேலை முடிஞ்சதும் பூட்டாம சும்மா மூடி வெய்ங்க. ரெண்டாவது, வயர் ரொம்பக் குட்டை, பிளக் பாயின்ட் பக்கத்துலயே மேடை இருந்தாத்தான் சரிப்படும்.

அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்கறேன், ஃப்ரீசர் நல்லா இருக்கற வீட்டுக்கு. வாங்கும்போது ஸ்பேர் ஸ்பாஞ்ச் பட்டை தனியா கெடைக்குதான்னு கேட்டுட்டு வாங்குங்க, அது கெடைக்காத மாடல்னா விலை எவ்ளோ கம்மியா இருந்தாலும் வேணாம்.